ஜெஃபர்சன் பர்டிக்கின் 3 லட்சம் அட்டைகள்

நியூயார்க் மெட்ரோபாலிடன் கலை அருங்காட்சியகத்தின் அச்சோவியப் பிரிவில் டூரரின் மரச்செதுக்கு அச்சுகளும் ரெம்பிராண்டின் செப்புத்தகட்டு அச்சுகளும் பாதுகாக்கப்படுகின்றன. சிகரெட் பெட்டியோடும் மிட்டாய்ப் பொட்டலத்தோடும் பபிள்கம் உறையோடும் இலவசமாக வந்த அட்டைகள், கடை விளம்பரச் சீட்டுகள், அஞ்சலட்டைகள் என 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சில்லறைக் காகிதங்களும் அதே பிரிவின் பொறுப்பில்தான் இருக்கின்றன. அவற்றில் 30,000க்கும் மேற்பட்டவை பேஸ்பால் வீரர்களின் அட்டைகள். இவற்றைத் திரட்டியவர் கோடீஸ்வரர் அல்லர். கலை விமர்சகரும் அல்லர். மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் உதிரிப் பாகங்களைப் பொருத்தும் வேலை பார்த்தவர். மூட்டுவாத நோயால் உடல் முடங்கிக்கொண்டே வந்த ஒரு தனிமனிதர். பெயர் ஜெஃபர்சன் பர்டிக்.

விளையாட்டு வீரர் அட்டைகள் இன்று செய்தியாவது பெரும்பாலும் ஏலத் தொகையை ஒட்டித்தான். 2022ஆம் ஆண்டு மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு விலைபோனது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு காகிதத்துக்கு இவ்வளவு விலையா என்று வியந்துவிட்டு நாம் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அந்த வியப்பில் சற்றே தங்கி, இந்த அட்டைகள் எங்கிருந்து வந்தன, யாரால் எஞ்சின என்று பார்த்தால், விலைக்கும் மதிப்புக்கும் இடையே உள்ள தூரம் விளங்கத் தொடங்குகிறது.

கதையின் தொடக்கம் புகையிலை வணிகத்தில் இருக்கிறது. 1880களில் அமெரிக்காவில் சிகரெட்டுகள் மெல்லிய காகிதப் பொதிகளில் விற்கப்பட்டன. அவை நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு கெட்டி அட்டை செருகப்பட்டது. வெற்று அட்டையில் ஒரு படத்தை அச்சிட்டால் வாங்குபவர் அதே சிகரெட்டை மீண்டும் கேட்பார் என்பதை வணிகர்கள் விரைவில் கண்டுகொண்டார்கள். வர்ஜீனியா மாநிலம் ரிச்மண்டில் இயங்கிய ஆலன் அண்டு ஜின்டர் நிறுவனம் 1887ஐ ஒட்டி உலக வீரர்கள் வரிசையொன்றை வெளியிட்டது. அந்த 50 அட்டைகளில் பேஸ்பால் வீரர்களோடு குத்துச்சண்டைக்காரர்கள், படகோட்டிகள், மல்லர்கள், பில்லியர்ட்ஸ் ஆட்டக்காரர்கள் ஆகியோரும் இடம்பெற்றார்கள். துப்பாக்கி சுடுவதில் புகழ்பெற்ற ஆனி ஓக்லியும் அந்த வரிசையில் உண்டு. இங்கிலாந்தில் வில்ஸ் நிறுவனம் 1896இல் கிரிக்கெட் வீரர்களின் வரிசையை வெளியிட்டது. ஆக, வீரர்களைப் போற்றுவதற்காக இந்த அட்டைகள் பிறக்கவில்லை. சிகரெட் நசுங்காமலிருக்கவும், பின்னர் சிகரெட்டை விற்கவுமே பிறந்தன.

1890இல் ஜேம்ஸ் டியூக்கின் தலைமையில் முன்னணி நிறுவனங்கள் ஒன்றிணைந்து அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி உருவானது. போட்டி மறைந்தபோது அட்டைகளுக்கான தேவையும் குறைந்தது. மறுபடியும் 1909 முதல் 1911 வரை அந்த நிறுவனம் பீட்மான்ட், ஸ்வீட் கேபரல் முதலிய 16 சிகரெட், புகையிலை வகைகளோடு பேஸ்பால் அட்டைகளை வழங்கியது. வெள்ளை ஓரமிட்ட, வண்ணத்தில் அச்சிட்ட, 500க்கும் மேற்பட்ட அட்டைகள் கொண்ட பெருவரிசை அது. சேகரிப்பாளர் உலகில் அதன் பெயர் டி206.

அவ்வரிசையில்தான் ஹோனஸ் வாக்னர் வருகிறார். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் ஷார்ட்ஸ்டாப். 1936இல் பேஸ்பால் புகழ் மன்றத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவரில் ஒருவர். அவருடைய அட்டை சிறிது காலமே அச்சாகி நிறுத்தப்பட்டது. சிறுவர்கள் தம் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பது ஒரு விளக்கம். தமக்குரிய பணம் தரப்படாததால் மறுத்தார் என்பது மற்றொன்று. அவரே புகையிலை பயன்படுத்தியவர் என்பதால் முதல் விளக்கத்தை ஐயுறுவோர் உண்டு. தம் பிள்ளைப் பருவ ரசிகர்களைப் பற்றி ஒருவர் கவலைப்படத் தாமே புகையிலையை விட்டிருக்க வேண்டும் என்பதில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. காரணம் எதுவாயினும், அந்த அட்டையில் இன்று சில பத்துப் பிரதிகளே அறியப்பட்டுள்ளன. விற்பனைக்குத் துணைபோக மாட்டேன் என்று ஒருவர் மறுத்ததாலேயே அட்டை அரிதாயிற்று. அரிதானதாலேயே அதன் விலை ஏறிக்கொண்டே போயிற்று.

அந்த வரிசையில் இன்னோர் இன்மையும் உண்டு. அதைப் பற்றி ஏல அரங்குகள் அதிகம் பேசுவதில்லை. 500க்கும் மேற்பட்ட அந்த முகங்களில் கறுப்பின வீரர் ஒருவர்கூட இல்லை. நிறவேற்றுமை காரணமாக அவர்களுக்கு அக்காலப் பெரிய அணிகளின் கதவு மூடியிருந்தது. ஆகவே அட்டையிலும் இடமில்லை. 1947இல் ஜாக்கி ராபின்சன் புரூக்லின் டாட்ஜர்ஸ் அணியில் ஆடி அக்கதவைத் திறந்தார். 1949இல் பவ்மன் நிறுவனத்தின் பபிள்கம் அட்டையில் அவர் முகம் வந்தது. வரிசைகளை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்க்கிறவருக்கு இது தெரியும். ஒற்றை அட்டையைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்திருப்பவருக்குத் தெரியாது. முழுமையாகச் சேகரிப்பது ஏன் முக்கியம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

பின்னர் மிட்டாய்க்காரர்களும் பபிள்கம்காரர்களும் இந்த உத்தியை வளர்த்தெடுத்தார்கள். பாஸ்டனின் கௌடி நிறுவனம் 1933இல் 240 எண்கள் கொண்ட வரிசையை அறிவித்தது. ஆனால் 106ஆம் எண்ணை மட்டும் அவ்வாண்டு வெளியிடவே இல்லை. சிறுவர்கள் அந்த ஓர் அட்டைக்காக ஒரு சென்ட் ஒரு சென்ட்டாகக் கொடுத்து வாங்கிக்கொண்டே இருந்தார்கள். புகார்க் கடிதங்கள் வந்த பிறகு, 1934இல், நேப் லஜோய் என்ற பழைய வீரரின் படத்தோடு அந்த எண்ணை அச்சிட்டு, எழுதிக் கேட்டவர்களுக்கு அனுப்பினார்கள். வாக்னர் அட்டையின் அருமை ஒருவரின் மறுப்பால் நேர்ந்தது. இந்த அருமை கணக்கிட்டுச் செய்யப்பட்டது.

பர்டிக் இந்தக் காலத்து மனிதர். 1900இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்து, சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் 1922இல் பட்டம் பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. சிறுவயதில் தொடங்கிய அட்டை ஆசை நடுவயதில் ஓர் ஒழுங்காக மாறியது. அன்று அட்டைகளுக்குப் பட்டியல் கிடையாது. எந்த நிறுவனம் எந்த ஆண்டில் எத்தனை படங்களை வெளியிட்டது என்பதைச் சொல்ல ஒரு நூலும் இல்லை. பர்டிக் 1937 முதல் சேகரிப்பாளர்களுக்காக ஒரு சிற்றிதழ் நடத்தினார். 1939இல் அட்டைகளின் பட்டியல் நூலொன்றை வெளியிட்டார். பின்பு ‘அமெரிக்கன் கார்டு கேட்டலாக்’ என்ற பெயரில் அது விரிந்து, 1960 வரை திருத்திய பதிப்புகளாக வெளிவந்தது.

அந்நூலில் அவர் வகுத்த குறியீட்டு முறை எளியது. 19ஆம் நூற்றாண்டுப் புகையிலை அட்டைகளுக்கு ‘என்’. 20ஆம் நூற்றாண்டினவற்றுக்கு ‘டி’. பழைய மிட்டாய் அட்டைகளுக்கு ‘இ’. அண்மைக் காலத்து பபிள்கம் அட்டைகளுக்கு ‘ஆர்’. எழுத்தை அடுத்து ஓர் எண். டி206 என்பது புகையிலை நிறுவனம் சூட்டிய பெயரன்று. பர்டிக் இட்ட எண். இன்றும் பல லட்சம் டாலர் ஏலங்களில் அந்த எண்ணே உச்சரிக்கப்படுகிறது. அவர் தம் பட்டியலில் வாக்னர் அட்டைக்குக் குறித்த விலை 50 டாலர். பெரும்பாலான அட்டைகள் சில சென்ட்டுகளே பெறுமென்று கருதப்பட்ட காலத்தில் அதுவே மலைக்க வைக்கும் தொகை.

தம் உடல் நெடுங்காலம் தாங்காது என்பதை உணர்ந்த பர்டிக், சேகரிப்பை ஏலத்தில் சிதறவிடாமல் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு வழங்க முன்வந்தார். 1947இல் அந்தக் கொடை தொடங்கியது. அச்சோவியப் பிரிவின் காப்பாளராக இருந்த ஹயாட் மேயர் இதை ஏற்றுக்கொண்டது முக்கியமானது. உயர்ந்த கலைஞரின் அச்சு மட்டுமல்ல, எளிய மக்கள் கையில் புழங்கிய அச்சும் வரலாறுதான் என்று கருதியவர் மேயர். அச்சுப் படங்களின் சமூக வரலாற்றை விவரிக்கும் அவருடைய நூல் 1971இல் வெளிவந்தது. ஆனால் அருங்காட்சியகம் ஒரு நிபந்தனை விதித்தது: அட்டைகளை வகைப்படுத்தி ஆல்பங்களில் ஒட்டித் தருவது பர்டிக்கின் பொறுப்பு.

பர்டிக் அதற்காகத் தம் எஞ்சிய ஆண்டுகளைக் கொடுத்தார். சிராக்யூஸிலிருந்து வந்து வந்து போனவர், பணியிலிருந்து விலகிய பின் நியூயார்க் நகரிலேயே தங்கிவிட்டார். பிரிவின் மூலையில் ஒரு மேசை. மூட்டுகள் இறுகிய கைகளால் ஓர் அட்டையை எடுத்து, அதற்குரிய இடம் பார்த்து, ஒட்டி, அடுத்ததை எடுப்பது. இவ்வாறு லட்சக்கணக்கான முறை. 1963 ஜனவரி 10ஆம் நாள் மாலை அந்த வேலை முடிந்தது. இனி வரமாட்டேன் என்று அமைதியாகச் சொல்லிவிட்டு மேலங்கியைச் சிரமப்பட்டு மாட்டிக்கொண்டு புறப்பட்டதாக மேயர் பதிவு செய்திருக்கிறார். மறுநாள் மருத்துவமனையில் சேர்ந்தார். மார்ச் 13ஆம் நாள் காலமானார்.

அவர் ஒட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் வெளியே நடந்தது வேறு. இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதத் திரட்டலில் எண்ணற்ற அட்டைகள் கூழாகிப் போயின. போருக்குப் பின், பிள்ளைகள் வளர்ந்து வீட்டைவிட்டுப் போனதும் தாய்மார்கள் பெட்டி பெட்டியாகக் குப்பையில் போட்டார்கள். புரூக்லினின் டாப்ஸ் நிறுவனம் 1952இல் 407 அட்டைகள் கொண்ட வரிசையை வெளியிட்டது. அதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் சை பெர்கர். வரிசையின் கடைசிப் பகுதி கோடை கடந்து, ஆட்டப் பருவம் முடியும் நேரத்தில் கடைகளுக்கு வந்ததால் விற்கவில்லை. எஞ்சியவற்றைச் சென்ட்டுக்குப் பத்து என்றுகூடக் கொடுத்துப் பார்த்ததாகவும், முடியாமல் 1960இல் குப்பைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டியதாகவும் பெர்கர் பிற்காலத்தில் கூறினார். அந்தப் பகுதியின் முதல் எண்ணான 311 மிக்கி மேன்டிலுடையது. 2022இல் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போனது அந்த அட்டையின் ஒரு பிரதிதான். தயாரித்தவரே வேண்டாமென்று கடலில் எறிந்ததன் பெயர் இன்று பொக்கிஷம்!

அட்டைகளில் பணம் இருக்கிறது என்பது பரவலாகத் தெரிந்ததும் நிகழ்ந்தது மற்றொரு வேடிக்கை. 1981இல் ஃப்ளியர், டோன்ரஸ் நிறுவனங்களும், 1989இல் அப்பர் டெக் நிறுவனமும் டாப்ஸோடு களத்தில் இறங்கின. எல்லோரும் எதிர்கால முதலீடு என்று வாங்கிப் பெட்டியில் பூட்டினார்கள். எல்லோரும் பூட்டி வைத்ததால் எதுவும் அரிதாகவில்லை. 1980களின் பிற்பகுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் மலைபோல் அச்சிடப்பட்ட அந்த அட்டைகளில் பெரும்பாலானவை வாங்கிய விலைக்குக்கூட விற்கவில்லை.

இந்தக் காலத்தின் குறியீடாக ஒரு வாக்னர் அட்டையைச் சொல்லலாம். பனி ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய கூட்டாளியும் 1991இல் அதை 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். அட்டைகளின் தரத்தை மதிப்பிடும் நிறுவனம் ஒன்று அதற்கு 10க்கு 8 மதிப்பெண் கொடுத்தது. 2007இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதை முன்பு விற்ற ஏல வணிகர் பில் மாஸ்ட்ரோ, 2013இல் மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, அந்த அட்டையின் ஓரங்களைத் தாமே வெட்டிச் சீராக்கியதையும் ஒப்புக்கொண்டார். விளிம்பு கூர்மையாக இருந்தால் விலை கூடும். ஆகவே விளிம்பு வெட்டப்பட்டது.

பர்டிக்கின் கொடையிலும் ஒரு வாக்னர் அட்டை உண்டு. அதற்கு விலை கிடையாது, ஏனெனில் அது விற்பனைக்கு வரப்போவதில்லை. சந்தைக் கணக்கில் பார்த்தால் ஆல்பத்தில் பசை தடவி ஒட்டுவதே அட்டையைக் கெடுக்கும் செயல். இன்றைய சேகரிப்பாளர் யாரும் அதைச் செய்யத் துணியமாட்டார். ஆனால் ஒட்டப்பட்ட அந்த அட்டைகள் தத்தம் வரிசையில், முன்னும் பின்னும் வந்தவற்றோடு சேர்ந்து நிற்கின்றன. யார் இடம்பெற்றார்கள், யார் விடுபட்டார்கள், எந்தப் பொருளை விற்க யாருடைய முகம் பயன்பட்டது என்பதை அங்கே வாசிக்க முடிகிறது. அவற்றுள் பலவற்றை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். ஒவ்வொன்றின் கீழும் பர்டிக்கின் பெயரும், அதனருகே அநேகமாக அவர் வகுத்த எழுத்தும் எண்ணும் இருக்கும்.