பிழைதிருத்தக் குறிகளின் குறிநீக்கம்

பிழைதிருத்தக் குறிகளின் குறிநீக்கம் என்பது, இரைச்சலில் சிதைந்து வந்து சேரும் இலக்கச் செய்தியிலிருந்து மூலச் செய்தியை மீட்டெடுக்கும் கணக்கு முறை. செய்தியோடு கூடுதல் பிட்டுகளைச் சேர்த்து அனுப்புவது குறியாக்கம், அது எளிது. வந்ததை வைத்துக்கொண்டு எந்தெந்த பிட் புரண்டது என்று குறித்த நேரத்துக்குள் கண்டுபிடிப்பதுதான் கடினம். இத்துறையின் வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலையின் வரலாறே.

மலேசியாவின் கெடா மாநிலத்தில், சிடாம் கிரி, சுங்கை பட்டாணி வட்டாரத்துத் தோட்ட வீடுகளிலும் பட்டண வீடுகளிலும் இந்தக் கணக்கு அன்றாடம் நடக்கிறது. 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலையிலிருந்து ஒளிபரப்பாகும் தரைவழி இலக்கத் தொலைக்காட்சி டிவிபி-டி2 தரத்தைச் சார்ந்தது. அதில் ஒரு தொகுதி வழக்கமாக 64,800 பிட். அதில் பாதி செய்தி என்று கொண்டால், அனுப்பப்பட்டிருக்கக்கூடிய தொகுதிகளின் எண்ணிக்கை 9,000 இலக்கங்களைத் தாண்டும். வந்ததை அவை ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டு நெருக்கமானதைத் தேர்வது எந்தக் கணினியாலும் ஆகாது. ஆனாலும் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கும் டிகோடர் பெட்டி, ஒவ்வொரு நொடியும் பல தொகுதிகளைத் தீர்த்துத் தள்ளுகிறது. நாட்டில் பழைய அனலாக் ஒளிபரப்பை முதலில் நிறுத்திய இடமும் கெடாவின் லங்காவித் தீவுதான். நாள் 2019 ஜூலை 21.

1948இல் கிளாட் ஷானன், எந்த இரைச்சல் வழியிலும் ஓர் எல்லைக்குட்பட்ட வேகத்தில் ஏறக்குறைய பிழையின்றிச் செய்தி அனுப்ப முடியும் என்று நிறுவினார். எப்படிப் படிப்பது என்பதை அவர் சொல்லவில்லை. அதற்கு முதல் செயல்முறை விடையைத் தந்தவர் பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாமிங் (1950). ஏழு பிட் கொண்ட அவரது குறியில் 1, 2, 4 ஆகிய இடங்களில் இருப்பவை சோதனை பிட்டுகள். முதல் சோதனை 1, 3, 5, 7 ஆகிய இடங்களைப் பார்க்கும். இரண்டாவது 2, 3, 6, 7. மூன்றாவது 4, 5, 6, 7. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும். ஐந்தாம் பிட் புரண்டால் முதல் சோதனையும் மூன்றாம் சோதனையும் தவறும். அவற்றின் சோதனை பிட்டுகள் இருக்கும் இடங்கள் 1, 4; கூட்டினால் 5. தவறிய சோதனைகளே பிழை இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகின்றன. பள்ளி மாணவர் காகிதத்தில் செய்து பார்க்கக்கூடிய இக்கணக்கைவிட அழகான தொடக்கம் இத்துறைக்குக் கிடைத்திருக்க முடியாது. ஆனால் இது திருத்துவது ஒரே ஒரு பிழையை.

பல பிழைகளைத் திருத்தும் குறியில் ஓர் இந்தியத் தடம் உண்டு. கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் புள்ளியியலாளர் மகலனோபிஸுடன் பணியாற்றிய ஆர். சி. போஸ், வயல் சோதனைகளை வகுக்கும் கணிதத்தில் முடிவுறு களங்களை (எண்ணிக்கை முடிவுள்ள உறுப்புகளைக் கொண்ட எண் அமைப்புகளை) கையாண்டு தேர்ந்தவர். பின்னர் அமெரிக்காவின் வட கரோலைனா பல்கலைக்கழகத்தில், மாணவர் டி. கே. ராய்-சௌத்ரியுடன் சேர்ந்து அதே கணிதத்தைக் குறிகளுக்குத் திருப்பினார் (1960). பிரான்சில் ஹொக்கங்கெம் 1959இலேயே தனியாக அதைக் கண்டிருந்தார். மூவரின் பெயராலும் அது பிசிஎச் குறி எனப்படுகிறது. அதே 1960இல் ரீட்-சாலமன் குறியும் வந்தது. குறிகள் கிடைத்தன; படிக்கும் வழிதான் மெதுவாக வந்தது. பீட்டர்சன் 1960இல் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறை ஒன்றைக் கொடுத்தார். பெர்லகாம்ப் அதை வெகுவாகச் சுருக்கினார். மாசி 1969இல் எளிய சுற்றுகளால் செய்யக்கூடியதாக்கினார். அதன் பிறகே இக்குறிகள் கருவிகளுக்குள் புகுந்தன.

செயற்கைக்கோள் தொலைக்காட்சியான அஸ்ட்ரோ 1996இல் கெடா வீடுகளுக்கு வந்தபோது பயன்பட்டது ரீட்-சாலமன் குறிதான்: 204 பைட்டுக்கு 8 பைட் பிழைவரை திருத்தும். அதற்கு முன்கட்டமாக விட்டர்பி 1967இல் தந்த முறை இயங்கியது. கனமழை பெய்தால் அலை வலுவிழந்து பிழைகள் பெருகும். எல்லைக்குள் இருக்கும்வரை படம் பளிச்சென்று நிற்கும்; எல்லை தாண்டியதும் கட்டம் கட்டமாக உடைந்து, நின்றுபோகும். அனலாக் காலத்தைப்போல் கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதில்லை.

ராபர்ட் கேலகர் 1960இல் தம் ஆய்வேட்டில் முன்வைத்த எல்டிபிசி (குறைந்த அடர்த்திச் சோதனை) குறி, அன்றைய கருவிகளால் தாங்க முடியாததால் முப்பது ஆண்டுக்கு மேல் ஒதுங்கிக் கிடந்தது. 1993இல் பெரூ, கிளாவியூ, தாய்லாந்தைச் சேர்ந்த புன்யா திதிமஜ்ஷிமா ஆகியோரின் டர்போ குறி, பிட்டுகளின் நம்பகத்தைத் திரும்பத் திரும்பப் பரிமாறிச் சீராக்கும் முறையின் வலிமையைக் காட்டியது. கேலகரின் குறி அதன் பிறகு மீண்டது. டிவிபி-டி2இல் முதலில் எல்டிபிசி படிக்கப்படுகிறது. மிஞ்சும் சில பிழைகளைப் பிசிஎச் துடைக்கிறது.

தமிழர் நன்கு அறிந்திருக்க வேண்டிய கட்டம் அடுத்தது. ஒரு குறியின் இரு தொகுதிகள் குறைந்தது எத்தனை இடங்களில் வேறுபடுமோ, அதில் பாதிக்கு மேல் பிழைகள் வந்தால் ஒரே விடை உறுதியில்லை. அப்போது சிறு பட்டியலாக விடை தரலாம் என்று எலியாஸும் வோசென்கிராஃப்டும் 1950களில் சொல்லியிருந்தார்கள். ரீட்-சாலமன் குறிக்கு அதை விரைவாகச் செய்யும் முறையை 1997இல் தந்தவர் சென்னையில் பிறந்த மது சூடன்; 2002இல் நெவன்லின்னா பரிசு பெற்றவர். சென்னை ஐஐடியில் படித்த வெங்கடேசன் குருசாமி அவருடன் சேர்ந்து முறையை மேம்படுத்தினார். நான்கில் ஒரு பங்கு செய்தியாக இருக்கும் குறியில் பழைய எல்லை 37.5 விழுக்காடு பிழை. இவர்களது எல்லை 50. பின்னர் குருசாமியும் அத்ரி ருத்ராவும் வேறொரு வகைக் குறியால் அதை 75 விழுக்காட்டை ஒட்டிக் கொண்டுசென்றார்கள். இத்துறையில் கோட்பாட்டின் உச்சம் என்று இதையே சொல்ல வேண்டும்.

அமைப்பு எதுவும் தெரியாத பொதுவான குறியைப் படிப்பது என்பி-முழுமை வகைச் சிக்கல் (விரைவான பொதுத் தீர்வுவழி அறியப்படாதது) என்று பெர்லகாம்ப், மெக்எலீஸ், வான் டில்போர்க் 1978இல் நிறுவினர். அந்தக் கடினத்தையே பூட்டாக்கி, அதே ஆண்டில் மெக்எலீஸ் ஒரு மறையாக்க முறையை உருவாக்கினார். குவாண்டம் கணினிகளையும் தாங்கக்கூடிய மறையாக்கம் தேடிய அமெரிக்கத் தர நிறுவனம், 2025 மார்ச்சில் தேர்ந்தெடுத்த எச்கியூசி முறையும் குறிநீக்கத்தின் கடினத்தை நம்பியே நிற்கிறது.