சட்டைப்பைக்குள் ஒரு கேமரா: வெஸ்ட் பாக்கெட் கோடாக்கும் முதல் உலகப் போரும்

ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1888இல் அறிமுகப்படுத்திய முதல் கோடாக் கேமராவும், 1900இல் ஒரு டாலருக்கு விற்பனைக்கு வந்த பிரவுனியும் ஒளிப்படக் கலையைத் தொழில்முறைக் கலைஞர்களிடமிருந்து பொதுமக்களிடம் கொண்டுசேர்த்தன என்பது பலரும் ஒப்பும் கருத்து. எனினும் அவ்விரண்டும் பெட்டிகளே. விழாவுக்கோ பயணத்துக்கோ புறப்படும்போது நினைவாகக் கையில் எடுத்துச் செல்ல வேண்டியவை. எந்நேரமும் உடலோடு இருக்கும் கேமரா என்னும் வழக்கம் பரவியதற்கு 1912இல் வெளிவந்த வெஸ்ட் பாக்கெட் கோடாக்கே முதன்மைக் காரணம் எனலாம். 1926 வரை ஏறத்தாழ 20 லட்சம் கேமராக்கள் விற்றன.

மடக்கினால் இதன் தடிமன் ஓர் அங்குலம் மட்டுமே. முன்பகுதியை இழுத்தால் துருத்தி விரியும். ஒரு சுருளில் 8 படங்கள். ஒவ்வொன்றும் 4 × 6.5 செ.மீ. கைப்பிடியில் எடுப்பதற்கு ஷட்டரில் இருந்த வேகங்கள் நொடியில் 25இல் ஒரு பங்கும் 50இல் ஒரு பங்கும் மட்டுமே. விரைந்தோடும் எதையும் இதனால் தெளிவாகப் பிடிக்க இயலாது. இக்குறைபாடு ஆய்வுக்குரியது. முதல் உலகப் போரில் 'படைவீரரின் கோடாக்' என்று விளம்பரப்படுத்தப்பட்ட இக்கருவி, தாக்குதலைவிட நின்ற நிலைகளுக்கே ஏற்றதாக இருந்தது: பதுங்குகுழியில் உணவருந்தும் தோழர், முகம் மழிப்பவர், உறங்குபவர். போரின் அன்றாடம் பதிவானதில் வீரர்களின் விருப்பத்தோடு ஷட்டரின் எல்லைக்கும் பங்குண்டு.

1915 முதல் வந்த 'ஆட்டோகிராஃபிக்' வகையில் பின்புறம் ஒரு சிறு கதவு இருந்தது. படமெடுத்தவுடன் அதைத் திறந்து, உலோக எழுதுகோலால் சுருளின் தாளில் தேதியையோ இடத்தையோ எழுதிச் சில நொடிகள் வெளிச்சத்தில் காட்டினால், அவ்வெழுத்து இரு படங்களுக்கு இடைப்பட்ட விளிம்பில் பதியும். எடுத்தவர் கையாலேயே குறிப்பு எழுதப்பட்ட படம், வரலாற்றாசிரியருக்கு அரிய சான்று.

இச்சான்றின் ஆற்றலைப் பிரிட்டிஷ் படைத்தலைமை விரைவிலேயே உணர்ந்தது. 1914 கிறிஸ்துமஸ் நாளில் மேற்கு முனையில் சண்டை தானாகவே ஓய்ந்தபோது, பிரிட்டிஷ், ஜெர்மானிய வீரர்கள் ஒன்றாக நிற்பதைச் சிலர் படமெடுத்தனர். அத்தகைய படமொன்று 1915 ஜனவரி 8 அன்று 'டெய்லி மிரர்' முதற்பக்கத்தில் வெளியானது. பகைவன் மனித முகத்தோடு தோன்றிய படம் அது. வீரர்கள் கேமரா வைத்திருப்பதைத் தடைசெய்யும் ஆணைகள் அக்காலத்திலேயே அடுத்தடுத்துப் பிறந்தன. மேற்கு முனைக்கு அதிகாரபூர்வ ஒளிப்படக் கலைஞராக எர்னஸ்ட் புரூக்ஸ் அனுப்பப்பட்டதோ 1916இல்தான். ஆணை அத்துணைக் கடுமையாகச் செயற்படாத கலிப்போலியிலிருந்து ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களின் சொந்தப் படங்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. இவ்விரு முனைகளின் படத்தொகுப்புகளை ஒப்பிடுபவர், கிடைப்பவற்றின் அளவையே போர் அனுபவத்தின் அளவாகக் கொள்ளலாகாது.

இக்கேமரா தமிழகத்தோடும் ஒருவகையில் தொடர்புடையது. சோம் போர்க்களத்தில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிப் பின்னர் இன்றைய குமரி மாவட்டத்து நெய்யூர் மருத்துவமனையில் நெடுங்காலம் தொண்டாற்றிய ஹோவர்ட் சோமர்வெல், 1924 எவரெஸ்ட் பயணத்தில் தம் வெஸ்ட் பாக்கெட் கோடாக்கை ஜார்ஜ் மல்லோரிக்கு இரவல் கொடுத்தார். ஜூன் 8 அன்று மல்லோரியும் ஆண்ட்ரூ இர்வினும் சிகரத்தை நோக்கிச் சென்று திரும்பவில்லை. 1999 மே 1 அன்று மல்லோரியின் உடல் கண்டெடுக்கப்பட்டது. கேமரா அதனருகில் இல்லை.