கெட்டன்கிராட்: பெட்டிக்குள் வராத குதிரைகள்

முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் குட்டி டாங்கி. முதல்தரம் பார்க்கிற ஆள், யாரோ விளையாட்டுக்கு வரைந்த படம் என்றுதான் நினைப்பார். ஆனால் கெட்டன்கிராட் இரண்டாம் உலகப் போரில் உண்மையாகவே ஓடிய ஜேர்மன் வாகனம். ‘கேர்ள்ஸ் லாஸ்ட் டூர்’ அனிமே பார்த்தவர்களுக்கு இதைப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அழிந்துபோன உலகத்தை அந்த இரண்டு பிள்ளைகளும் சுற்றி வருவது இதில்தான்.

பெயரிலேயே விளக்கம் இருக்கிறது. ஜேர்மன் மொழியில் ‘கெட்டெ’ என்றால் சங்கிலி. ‘கிராட்’ என்பது மோட்டார் சைக்கிளுக்கான சொல்லின் சுருக்கம். இதை வடிவமைத்தவர் ஹைன்ரிக் க்னீப்காம்ப் என்ற பொறியியலாளர். நெக்கர்சுல்ம் நகரில் மோட்டார் சைக்கிள் செய்துகொண்டிருந்த என்எஸ்யு நிறுவனம் 1940இல் தயாரிப்பைத் தொடங்கியது. விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கக்கூடிய ஒரு சின்ன இழுவை வண்டி வேண்டும் என்பதுதான் ஆரம்ப யோசனை. நீளம் 3 மீற்றர், அகலம் 1 மீற்றர். ஒப்பெல் ஒலிம்பியா காரின் 36 குதிரைவலு எஞ்சினைத்தான் இதற்குள்ளும் வைத்தார்கள். எங்கட வயல்களில் ஓடும் லாண்ட்மாஸ்டரைத் தெரிந்தவர்களுக்கு, சின்ன எஞ்சினை வைத்துப் பெரிய பாரம் இழுக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல.

1/35 அளவில் இந்த வாகனம் எட்டரை சென்றிமீற்றர்தான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்த 1/35 என்ற அளவுக்கும் ஒரு கதை உண்டு. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் ஒரு பாந்தர் டாங்கி மொடல் செய்தபோது, மோட்டாரும் பற்றரியும் உள்ளே அடங்க வேண்டும் என்றுதான் பருமனைத் தீர்மானித்தது. பிறகு அளந்து பார்த்தால் ஏறத்தாழ 1/35 வந்தது. இன்று உலகம் முழுக்க இராணுவ மொடல்களுக்கு அதுவே வழக்கமான அளவு.

மொடல் ஒட்டுவதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் நாங்கள் நினைக்கவில்லை. கையால் வரலாறு வாசிக்கிற ஒரு வழி அது. சில்லுகளையே எடுத்துப் பாருங்கோ. கெட்டன்கிராட்டின் பக்கச் சில்லுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பின்னிக்கொண்டு நிற்கும். எல்லாவற்றையும் ஒட்டிவிட்டால் உள்சில்லுக்குத் தூரிகை போகாது. அதனால் ஒவ்வொன்றாக நிறம் பூசிக் காயவிட்டுத்தான் பூட்ட வேண்டும். போர்க்களத்தில் இருந்த மெக்கானிக்குக்கும் இதே தலையிடிதான். ஒரு உள்சில்லை மாற்ற வெளிச்சில்லுகளைக் கழற்ற வேண்டும். இப்படிச் சில்லு பின்னிய வாகனங்களில், ரஷ்யக் குளிரில் இடையில் புகுந்த சேறு உறைந்து இறுகிவிடும். பாரத்தைச் சமமாகப் பரப்பும் கெட்டிக்கார வடிவமைப்புத்தான், ஆனால் பராமரிப்பவனின் முதுகை முறித்தது.

நிறமும் ஒரு காலக்கணக்கு. 1941இல் சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்த வண்டியைச் செய்கிறீர்கள் என்றால் கடும் சாம்பல். 1943 பெப்ரவரிக்குப் பிறகு இராணுவத்தின் அடிப்படை நிறம் கடும் மஞ்சளாக மாறிவிட்டது. தூரிகையைத் தொடுவதற்கு முதலே எந்த ஆண்டு, எந்தக் களம் என்று கேட்கவேண்டி வருகிறது.

பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. போர் முடியும்வரை ஏறத்தாழ 8,300 கெட்டன்கிராட்கள் செய்யப்பட்டன. ஆனால் 1941 யூனில் சோவியத் எல்லையைக் கடந்த ஜேர்மன் படையிடம் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகள் இருந்தன. பீரங்கி, சாப்பாடு, காயப்பட்டவர்கள் என்று பெரும்பகுதியை இழுத்தவை அந்தக் குதிரைகள். சிப்பாய்களில் பெரும்பாலானோர் நடந்தே போனார்கள். மொடல் கடை அலமாரியைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. அங்கே ஜேர்மன் படை முழுக்க இரும்பும் எஞ்சினும்தான். இரண்டே இரண்டு மட்டும் செய்யப்பட்ட ‘மவுஸ்’ என்ற இராட்சத டாங்கிக்குக்கூடப் பல நிறுவனங்கள் கிட் விடுகின்றன. அபூர்வமானது விற்கும், சாதாரணமானது விற்காது. ஆண்டுக்கணக்காக இதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அந்தப் படை தோற்கவே முடியாத ஒரு தொழில்நுட்ப அதிசயம் என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. நாசிகளின் பிரசாரப் படங்கள் காட்ட விரும்பியதும் அதைத்தான்.

மறைவது குதிரைகள் மட்டுமல்ல. போரின் கடைசிக் காலத்தில் எரிபொருள் தட்டுப்பாடு. மீ 262 ஜெட் விமானங்கள் ஓடுபாதைக்குப் போவதற்கே எரிபொருளை வீணாக்கக்கூடாது என்று கெட்டன்கிராட்டால் கட்டி இழுத்தார்கள். டாமியா 1/48 அளவில் இரண்டையும் ஒரே பெட்டியில் விற்றிருக்கிறது. அருமையான காட்சி, வடிவாகவும் வரும். ஆனால் அந்த ஜெட்டின் உடற்பகுதிகளை ஒஸ்திரியாவில் நிலத்துக்கடியில் செய்தவர்கள் குசன் வதைமுகாம் கைதிகள். ஆயிரக்கணக்கில் அங்கே செத்துப்போனார்கள். பெட்டியின் மேற்படத்தில் அவர்களுக்கு இடமில்லை.

“கண்ட யுத்தம் காணாதெண்டே இதைப் போய் ஒட்டுறியள்?” என்று எங்கட வீடுகளில் கேட்பார்கள். உண்மையான டாங்கிகளை வீதியில் கண்டு ஓடியவர்கள் கேட்கிற கேள்வி அது. சிரித்துவிட்டுப் போக முடியாது. யுத்த வாகனத்தின் வடிவம் எங்களை இழுக்கிறது என்பது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் இரசிப்பு பெட்டிப் படத்தோடு நின்றுவிட்டால், நாங்கள் ஒட்டுவது பிளாஸ்டிக்கை அல்ல, வேறு யாரோ எழுதிவைத்த கதையை.

கெட்டன்கிராட்டின் கடைசி அத்தியாயமும் பெட்டியில் கிடையாது. 1945க்குப் பிறகு என்எஸ்யு இன்னும் சில நூறு வண்டிகளைச் செய்தது. இந்தமுறை அவை போனது வயலுக்கும் காட்டுக்கும், கலப்பையும் மரமும் இழுக்க.

செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. குதிரைகள் இழுக்கும் ஜேர்மன் கள சமையல் வண்டியும் அதே டாமியாவிடம் 1/35இல் இருக்கிறது. இரண்டையும் ஒரே சேற்றுப் பாதையில் வையுங்கோ. ஆறேழு குதிரைவண்டிக்கு நடுவில் ஒரு கெட்டன்கிராட் என்றால் இன்னும் நல்லது. பார்க்க வருபவர் “ஏன் இவ்வளவு குதிரை?” என்று கட்டாயம் கேட்பார். பதில் சொல்லத் தெரிந்திருந்தால் போதும், வேலை முடிந்தது.