பித்தளைத் தெரு பிறந்த ஆண்டு

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் கடுகண்ணாவை ஏற்றத்தில் முக்கி முனகி ஏறி முடித்துக் கொஞ்சத் தூரம் ஓடியதும் வீதியோரம் மஞ்சளாக மினுங்கத் தொடங்கும். ஆளுயரக் குத்துவிளக்குகள், உச்சியில் சேவல் நிற்கும் விளக்குகள், வெற்றிலைத் தட்டங்கள், யானைகள். பிலிமத்தலாவை வந்துவிட்டது. கண்டிக்கு இன்னும் 12 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. பஸ்ஸில் தூங்கியவர்களும் இந்த இடத்தில் கண் விழித்து ஒரு முறை பார்ப்பார்கள். இறங்குவது குறைவு.

இந்தப் பித்தளைத் தெரு எப்போது பிறந்தது?

ஊரின் பெயரைச் சொன்னதும் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருபவர் பிலிமத்தலாவை அதிகாரம்தான். கண்டி அரசின் மகா அதிகாரம், அதாவது முதலமைச்சர் மாதிரி. 1798இல் ராஜாதி ராஜசிங்கன் பிள்ளையில்லாமல் இறந்தபோது, கண்ணுசாமி என்ற நாயக்கர் வம்சத்து இளைஞனைச் சிங்காசனத்தில் ஏற்றியவர். ஏறியவன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஆனான். பொம்மை என்று நினைத்து வைத்த பிள்ளை ராஜாவாகவே நடக்கத் தொடங்கியதுதான் அதிகாரத்துக்கு வந்த வினை. ஆங்கிலேய ஆளுநர் நோர்த்தோடு ஒரு கை, அரண்மனையில் ஒரு கை என்று அவர் ஆடிய ஆட்டம் 1811இல் பதவியைப் பறித்தது. பிறகு தலையும் போனது.

அவரால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். கதை தலைகீழ். கண்டிப் பிரபுக்கள் தங்கள் ஊர்ப் பெயரைத்தான் குடும்பப் பெயராகச் சூடிக்கொண்டார்கள். சிங்களத்தில் ‘பிலிம’ என்றால் சிலை, ‘தலாவ’ என்றால் வெளி. சிலைவெளி! உருவம் வார்த்து விற்கும் தெருவுக்கு இதைவிடப் பொருத்தமான பேர் கிடைக்காது. அதிகாரம் இந்தப் பெயரைச் சரித்திரப் புத்தகத்தில் ஏற்றினார், அவ்வளவுதான். தெருவைப் பெற்றவர் அவரல்ல.

தெருவின் வேரைத் தேடினால் பிரதான வீதியை விட்டுத் தவுலகலப் பாதையில் திரும்ப வேண்டும். சிறிது தூரத்திலேயே கடலாதெனிய விகாரை. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் இதைப் பார்த்ததும் கொஞ்சம் தடுமாறிப்போவார். கருங்கல் கட்டடம், தூண்கள், அதிட்டானம் எல்லாம் நம் பக்கத்துக் கோயில். உள்ளே இருப்பவர் புத்தர். கம்பளையிலிருந்து நான்காம் புவனேகபாகு ஆண்ட காலத்தில், 1344இல், தர்மகீர்த்தி தேரர் எழுப்பியது. வேலையை முன்னின்று நடத்திய சிற்பி கணேசுவராசாரி, தென்னிந்தியர். அதே ஆண்டில், அதே வட்டாரத்தில் இன்னொரு பாறையின் மேல் சேனாலங்காதிகாரி என்ற அமைச்சர் லங்காதிலக விகாரையைக் கட்டுவித்தார். இது செங்கல் வேலை. இதன் சிற்பி பெயர் ஸ்தபதி இராயர். லங்காதிலகப் பாறையில் ஒரு சிங்களக் கல்வெட்டு, அதோடு ஒரு தமிழ்க் கல்வெட்டு. கோயில் கட்டியதையும் அதற்கு விட்ட மானியங்களையும் இரண்டு மொழியிலும் பொறித்து வைத்தார்கள். மொழிக்காக அடித்துக்கொண்ட நாட்டில் 1344ஆம் ஆண்டுப் பாறை ஒன்று இரண்டையும் சுமந்துகொண்டு சும்மா கிடக்கிறது. மூன்றாவதாக எம்பெக்கே தேவாலயம். கதிர்காமக் கடவுளுக்கு உரியது, மரச் செதுக்கலுக்குப் பேர்போனது. கூரையின் 26 கைமரங்களை ஒற்றை ஆப்பில் கோத்து நிறுத்தியிருப்பதை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். பாதகமில்லை, பாருங்கள்.

இந்தக் கோயில்களுக்குக் கல், மரம் மட்டும் போதாதே. விளக்கு வேண்டும், மணி வேண்டும், தட்டு வேண்டும், திருமேனி வேண்டும். செய்கிறவனுக்குக் கூலி கிடையாது, காணி உண்டு. காணியை உழுது சாப்பிட்டு, அதற்கு ஈடாகக் கோயிலுக்கோ அரண்மனைக்கோ வேலை செய்து கொடுக்க வேண்டும். இதுதான் இராஜகாரியம். அரசனுக்கு வேலை செய்த கொல்லர், தட்டார், கன்னார் எல்லாரும் ‘கொட்டல்பத்த’ என்ற தனித் திணைக்களத்துக்குள் அடங்கினார்கள். கிரிவவுல போன்ற கிராமங்களில் பித்தளைத் தொழில் நிலைத்தது இந்த ஏற்பாட்டின் நிழலில். கடை இல்லை, விலைச்சீட்டு இல்லை.

தொழில் நம் சுவாமிமலை ஸ்தபதிகள் செய்வதேதான். தேன்மெழுகில் உருவம் பிடித்து, அதன்மேல் நைஸான களிமண்ணைப் பூசி, பிறகு தடித்த மண்ணை அப்பி, ஒரு வாய் விட்டுக் காயவைப்பார்கள். சூடாக்கினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே மிஞ்சும் வெற்றிடத்தில் செம்பும் துத்தநாகமும் கலந்த உருக்கை ஊற்ற வேண்டும். ஆறிய பின் மண்ணை உடைத்தால்தான் பொருள் வெளியே வரும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே பொருள். குத்துவிளக்குக்கு வேறு வழி. அடி, தண்டு, அகல், உச்சி என்று துண்டு துண்டாக மண்பெட்டியில் வார்த்து, கடைசல் பிடித்து, திருகிப் பொருத்துவார்கள். நம் வீட்டு விளக்கைக் கழற்றித் தேய்த்தவர்களுக்கு அந்தத் திருகு தெரியும்.

இனி ஆண்டுக்கு வருகிறேன். பழைய காலத்தில் கண்டிக்குள் நுழையும் வழி பலன கணவாய். 1594இல் அருகிலுள்ள தந்துறையில் போர்த்துக்கேயப் படை அழிந்து, அதன் தளபதி பேத்ரோ லோபெஸ் த சூசாவும் மாண்டான். காடும் மலையும்தான் கண்டியின் கோட்டை. 1815இல் கண்டி நாடு ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆளுநர் எட்வர்ட் பார்ண்ஸ் 1820களில் பாறையைக் குடைந்து கொழும்பு–கண்டி வீதி போட்டார். வேலையை நடத்திய கப்டன் டோசன் 1829இல் இறந்துபோனார். அவர் நினைவாகக் கடுகண்ணாவையில் கோபுரம் எழுந்தது 1832இல். ஆசியாவிலேயே முதலாவது என்று சொல்லப்படும் குதிரைத் தபால் வண்டி கொழும்புக்கும் கண்டிக்கும் ஓடத் தொடங்கியதும் 1832. அதே ஆண்டு ஜனவரியில் வேலூரில் சிறையிருந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கண் மூடினான். அதே ஆண்டு இராஜகாரியமும் சட்டப்படி ஒழிந்தது.

ராஜா இல்லை, ராஜாவுக்குச் செய்யும் வேலையும் இல்லை, வாசலில் வீதி மட்டும் இருக்கிறது. கோயில் காணிகளில் பழைய ஊழியம் நீடித்தது உண்மைதான். அதையும் காசாக மாற்றிக் கட்டலாம் என்று 1870இல் சட்டம் வந்தது. அதற்கு முன்பே, 1867இல், ரயில் கண்டிக்குப் போய்விட்டது. காணிக்காகச் செய்த விளக்கு இனிக் காசுக்கு. முதல் கடை எந்த நாளில் திறந்தது என்பது எனக்கு முக்கியமில்லை. தெருவுக்குப் பிறந்த ஆண்டு கேட்டால் 1832 என்றே எழுதுவேன்.

கைவினைஞர்களுக்கு அது நல்ல காலம் என்று யாரும் எண்ண வேண்டாம். அப்படி எண்ணாதவர்களில் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் பிறந்த இந்தத் தமிழர் 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிமங்களை ஆய்ந்தார். பாறை தேடி அலைந்தவர் கண்டிக் கைவினைஞரைக் கண்டு மனம் பறிகொடுத்தார். அவர்களின் கருவி, கரு, மானியம், முறைமை எல்லாவற்றையும் எழுதி, 1908இல் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ என்ற பெரிய நூலை இங்கிலாந்தில் தானே கையச்சில் அச்சிட்டார். மொத்தம் 425 பிரதிகள். அரச ஆதரவு போன இடத்தில் சந்தை வந்து உட்கார்ந்ததும் கை தேய்ந்துபோனது என்பது அவர் வழக்கு. நான் பாதி ஒப்புக்கொள்வேன். சந்தையும் இல்லாதிருந்தால் இன்று பார்க்கவே ஒன்றும் இருந்திராது.

இந்த ஊரில் 1963இல் தொடங்கிய இறையியல் கல்லூரி ஒன்றும் உண்டு. அங்கே சிங்களத்திலும் தமிழிலும் பாடம் நடக்கிறது. லங்காதிலகப் பாறைக்கு அதில் புதுமை ஒன்றும் இராது.

அடுத்த முறை கண்டிக்குப் போகும்போது பிலிமத்தலாவையில் இறங்குங்கள். முதலில் தவுலகலப் பாதையில் போய் அந்தத் தமிழ்க் கல்வெட்டைப் பாருங்கள். விளக்குக் கடைக்குத் திரும்பி வரும்போது போகலாம். வாங்குவதானால் கையில் தூக்கிப் பாருங்கள். வார்த்த பித்தளை கனக்கும்.