காதுல ஏறலையா?

செங்கல்பட்டை ஒட்டி வல்லம் என்று ஒரு ஊர். அங்கே குன்றில் ஒரு குடைவரைக் கோயில். மகேந்திரவர்மப் பல்லவருக்கு அடங்கிய சிற்றரசர் ஒருவரின் மகன் கந்தசேனன் குடைவித்தது. கல்வெட்டில் மகேந்திரருக்கு பகாப்பிடுகு, லளிதாங்குரன், குணபரன் என்று அடுக்கடுக்காகப் பட்டப் பெயர்கள். ‘மத்தவிலாசன்’ என்றும் அவருக்கு ஒரு பட்டம் உண்டு. மாமல்லபுரத்துக்குப் பெயர் தந்த மாமல்லனின் அப்பா இவர்.

ஏழாம் நூற்றாண்டில் இவர் சமஸ்கிருதத்தில் ஒரு கேலி நாடகம் எழுதினார். பெயர், ‘மத்தவிலாசப் பிரகசனம்’. காஞ்சிபுரத்தில் ஒரு கபாலி, குடிபோதையில் தன் மண்டையோட்டுக் கிண்ணத்தைத் தொலைத்துவிடுகிறான். தூக்கிக்கொண்டு போனது நாய். பழி விழுந்ததோ ஒரு புத்த பிட்சு மேல்! பாவம் மனிதர், தன் கிண்ணத்தையே எடுத்துக் காட்டுகிறார். ‘நிறத்தை மாத்திட்டே’ என்கிறான் கபாலி. என்ன சொன்னாலும் காதில் ஏறவில்லை.

நம் ஊர் வீடுகளிலும் இதே வசனம்தானே? “நாயா கத்தறேன், இந்த மனுஷன் காதுல ஏறுதா பாருங்க!” சில வீடுகளில் இது வெறும் பேச்சு இல்லை சார். நிஜமாகவே ஏறுவதில்லை.

இந்த விஷயத்தில் உலகப் புகழ்பெற்ற நோயாளி, பீத்தோவன். முப்பது வயதுக்கு முன்பே காது மந்தமாகி, கடைசியில் முழுச் செவிடு. 1827 மார்ச் 26-ல் வியன்னாவில் இறந்தார். மறுநாள் உடலை அறுத்துப் பார்த்தார் டாக்டர் யோஹான் வாக்னர். கல்லீரல் பாதியாகச் சுருங்கி, தோல் போல இறுகி, முடிச்சு முடிச்சாக இருந்தது. காது நரம்புகளும் சுருங்கியிருந்தன. அவருடைய தலைமுடியை ஆராய்ந்து 2023-ல் வெளியான முடிவு: ஈரல் நோய்க்கு வாகான மரபணு, மஞ்சள் காமாலை வைரஸான ஹெபடைட்டிஸ் பி, அதற்கு மேல் குடி. 2024-ல் முடியில் ஏராளமாக ஈயமும் கண்டுபிடித்தார்கள். காது போனதற்குக் குடிதான் காரணம் என்று மட்டும் யாரும் நிரூபிக்கவில்லை. இளம் வயதிலேயே ஆரம்பித்த கோளாறு அது.

ஆனால் நீண்ட நாள் குடி காதைக் கெடுக்கும் வழிகள் தெரிந்தவைதான். உட்செவியில் ஒலியை வாங்கும் மயிரிழைச் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. கெட்டுப்போன ஈரலால் அம்மோனியாவைச் சுத்தம் செய்ய முடியாது. அது மூளைக்கு ஏறினால் கேட்டதை வாங்கிக்கொள்வதே மந்தமாகும். வைட்டமின் பி1 குறையும். வயிற்றில் கோர்த்த நீரை இறக்கக் கொடுக்கும் ஃபுருசமைடு, கிருமிக்குப் போடும் ஜென்டாமைசின்... இவை அளவு மீறினால் காதுக்கு ஆபத்து. கடலோரம் என்றால் படகு இன்ஜின் இரைச்சல் வேறு.

2023 மே மாதம் இதே கடற்கரையில், மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், செங்கல்பட்டு மாவட்டத்தின் மதுராந்தகம் பக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் இருபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மெத்தனால் ஓரிரு நாளில் கண்ணைப் பறிக்கும். அது செய்தி. கடைச் சரக்கு வருஷக்கணக்கில் காதைத் தேய்ப்பது செய்தியாவதில்லை. பி.காம். படித்த பழக்கத்தில் சொல்கிறேன்: மெஷினுக்குக்கூட வருஷா வருஷம் தேய்மானக் கணக்கு எழுதுகிறோம். காதுக்கு எழுதுவதில்லை.

இதில் என்ன நஷ்டம்? டாக்டர் சொல்கிறார்: “ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாது. இந்த மருந்தை நிறுத்தாதீங்க. கை நடுங்கினா, பேச்சு குழறினா உடனே வாங்க.” எதிரே இருப்பவர் தலையாட்டுகிறார். பாதிதான் கேட்டிருக்கும். ‘திமிரு, திருந்தாத ஜென்மம்’ என்று வீடே கைவிட்டுவிடுகிறது.

ஈரல் நோயோடு வீட்டில் ஒருவர் இருந்தால், அவரே மருந்தை நிறுத்திவிடாமல், காதையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். வலிக்காத சோதனை அது. மாட்டிக்கொள்ள ஒரு ஹெட்ஃபோன், அழுத்த ஒரு பட்டன், அவ்வளவுதான். அதுவரை, டி.வி.யை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேராக உட்கார்ந்து, நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். கத்த வேண்டாம்.