காண்டாக்ட் லென்ஸும் மூக்குக்கண்ணாடியும்: உளூ செய்பவர்கள் அறிய வேண்டியவை

திருக்குர்ஆனின் 90ஆம் அத்தியாயத்தில், மனிதனுக்குக் கொடுத்த அருட்கொடைகளை அல்லாஹ் நினைவூட்டும்போது, நாவையும் உதடுகளையும் சொல்வதற்கு முன் இரு கண்களைத்தான் குறிப்பிடுகிறான். அந்த அமானிதத்தைப் பாதுகாப்பது நம் பொறுப்பு. இன்று நம் வீடுகளில் கண்ணாடி அணிபவர்கள் பலர். கல்லூரிக்கும் வேலைக்கும் செல்லும் பிள்ளைகளில் பலர் காண்டாக்ட் லென்ஸும் அணிகிறார்கள்.

கண்ணைப் பற்றிய ஆய்வில் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸம், 11ஆம் நூற்றாண்டில் 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலை எழுதினார். பொருட்களிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் நுழைவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று அதில் விளக்கினார். அந்நூல் லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பயிலப்பட்டது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் மூக்குக்கண்ணாடி தோன்றியது. இன்று பெரும்பாலோர் அணியும் மென்மையான லென்ஸுக்கு வழிவகுத்தவர் செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே. 1961இல் பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளைக் கொண்டு வீட்டிலேயே செய்த இயந்திரத்தில் அவர் அதை வார்த்தெடுத்தார்.

லென்ஸ் அணிந்து உளூ செய்தால் கூடுமா?

கூடும். உளூவில் முகத்தின் வெளிப்புறத்தைக் கழுவுவதுதான் கடமை. கண்ணின் உட்பகுதியைக் கழுவுவது ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளிலும் கடமையில்லை. கடமையான குளிப்புக்கும் இதுவே சட்டம். நகப்பூச்சு, கழுவ வேண்டிய நகத்தை மறைப்பதால் உளூவுக்குத் தடையாகிறது. லென்ஸ் இருக்கும் இடமோ கழுவ வேண்டிய இடமே அல்ல. ஆகவே உளூவுக்காக அதைக் கழற்ற வேண்டியதில்லை.

மார்க்கச் சட்டத்தை இவ்வளவு அக்கறையோடு கேட்கும் நாம், இன்னொரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறோம். லென்ஸ் மீது தண்ணீர் பட்டால் கண்ணுக்கு என்ன ஆகும்?

தண்ணீர் ஏன் ஆபத்து?

குழாய், கிணறு, மேல்நிலைத் தொட்டி, பள்ளிவாசல் ஹவுள் ஆகியவற்றின் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் கிருமியற்றது அல்ல. அகாந்தமீபா என்ற ஒரு நுண்ணுயிர் இத்தகைய நீரில் வாழக்கூடியது. குளோரின் கலந்த நீரிலும் அது கூடுகட்டிக்கொண்டு பிழைத்திருக்கும். வெறும் கண்ணில் பட்டால் பெரும்பாலும் தீங்கு செய்யாது. ஆனால் லென்ஸுக்கு அடியில் சிக்கிக்கொண்டால், கருவிழியின் மேலுள்ள கண்ணாடி போன்ற படலமான கார்னியாவைத் தாக்கும். இந்நோய் அரிது. ஆனால் வந்துவிட்டால் கடும் வலி, மாதக்கணக்கில் சிகிச்சை, சிலருக்குக் கார்னியா மாற்று அறுவை சிகிச்சை, இன்னும் சிலருக்குப் பார்வை இழப்பு என்று போய் முடியும். மேலும், மென்மையான லென்ஸ் குழாய்த் தண்ணீரை உறிஞ்சி உப்பி, கண்ணோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கார்னியாவில் கீறல் ஏற்படலாம். அந்தக் கீறல் வழியாகக் கிருமி எளிதில் நுழையும்.

ஐவேளை உளூவில் மும்மூன்று முறை முகம் கழுவினால், நாளொன்றுக்கு 15 முறை நம் கண்ணருகே தண்ணீர் வருகிறது. எனவே மற்றவர்களைவிட நாம் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

• முகம் கழுவும்போது கண்களை நன்றாக மூடிக்கொள்ளுங்கள். தண்ணீரை வேகமாக அடிக்காமல் மெதுவாக ஊற்றித் தடவுங்கள்.
• கண்ணின் ஓரத்தில் பீளை இருந்தால் அதை நீக்கித் தோலில் நீர் படச் செய்ய வேண்டும். கண்ணை மூடியபடியே விரல் நுனியால் இதைச் செய்யலாம்.
• கண்ணைத் திறக்கும் முன் இமைகளைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள்.
• சுப்ஹுக்கு உளூ செய்து, குளித்து முடித்த பிறகு லென்ஸ் அணியுங்கள். இரவில் லென்ஸைக் கழற்றிவிட்டு இஷாவுக்கு உளூ செய்ய முடிந்தால் மிகவும் நல்லது.
• குளிக்கும்போதும் நீச்சலின்போதும் லென்ஸ் வேண்டாம்.

உளூ செய்த கை சுத்தமான கைதானே என்று எண்ணி, ஈரக் கையால் லென்ஸைத் தொடுபவர்கள் உண்டு. அது தவறு. அந்த ஈரமும் குழாய்த் தண்ணீர்தான். சோப்புப் போட்டுக் கழுவி, நூல் உதிராத துணியால் நன்றாகத் துடைத்து, கை காய்ந்த பிறகே லென்ஸைத் தொட வேண்டும்.

லென்ஸைப் பராமரிக்கும் முறை

1. கழற்றிய லென்ஸை உள்ளங்கையில் வைத்து, அதற்குரிய கரைசலை விட்டு விரலால் மெதுவாகத் தேய்த்து, அதே கரைசலால் அலசுங்கள். தண்ணீர், எச்சில், வீட்டில் கலக்கிய உப்பு நீர் ஆகியவை கூடாது.
2. டப்பாவிலுள்ள பழைய கரைசலை முழுவதும் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பழையதோடு சேர்த்து நிரப்பினால் கிருமி சாகாது.
3. காலையில் டப்பாவைக் கரைசலால் அலசி, துடைத்து, மூடியைத் திறந்து கவிழ்த்துக் காய வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை டப்பாவை மாற்றுங்கள்.
4. ஒருநாள் லென்ஸை அன்றிரவே எறிந்துவிட வேண்டும். மாத லென்ஸை மாதம் முடிந்ததும் மாற்ற வேண்டும். நன்றாகத்தானே இருக்கிறது என்று நீட்டிக்கக் கூடாது.
5. லென்ஸோடு தூங்காதீர்கள். கார்னியாவுக்கு இரத்த நாளங்கள் இல்லை. அது காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பெறுகிறது. இமை மூடி, மேலே லென்ஸும் இருந்தால் அது திணறும். லென்ஸோடு தூங்குவது கிருமித் தொற்றின் வாய்ப்பை 6 முதல் 8 மடங்கு வரை கூட்டுகிறது. ரமளானில் ஸஹர் முடித்துக் கண்ணயர்வதும், லுஹருக்குப் பின் சற்றே சாய்வதும் தூக்கம்தான்.

நோன்பு நேரத்தில் லென்ஸ் அணிவதால் நோன்பு முறியாது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவதும் ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளின்படி நோன்பை முறிக்காது. ஆகவே நோன்பைக் காரணம் காட்டி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்த வேண்டாம்.

நிகாஹ் வீட்டு வண்ண லென்ஸ்

மணப்பெண்ணுக்காக வண்ண லென்ஸ் வாங்கி, பிறகு அதையே தங்கைக்கும் தோழிக்கும் மாற்றிக் கொடுப்பது சில இடங்களில் நடக்கிறது. ஒருவர் அணிந்த லென்ஸை இன்னொருவர் அணியவே கூடாது. பவர் இல்லாத லென்ஸாக இருந்தாலும் கண்ணின் வளைவுக்குப் பொருந்த வேண்டும். அதற்குக் கண் பரிசோதனை அவசியம். கண்ணாடிக்கு எழுதித் தந்த பவரை வைத்து லென்ஸ் வாங்குவதும் சரியல்ல. இரண்டின் அளவும் வேறுபடலாம். லென்ஸ் அணிந்த பிறகே சுர்மா, மை முதலிய அலங்காரங்களைச் செய்யுங்கள். லென்ஸைக் கழற்றிய பிறகே அவற்றைக் கலையுங்கள்.

மூக்குக்கண்ணாடி

கண்ணாடியைச் சட்டை முனையாலும் முந்தானையாலும் துடைத்தால், அதிலுள்ள தூசியே கண்ணாடியைக் கீறும். முதலில் தண்ணீரில் அலசி, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு சொட்டு விட்டுத் தேய்த்து, மைக்ரோஃபைபர் துணியால் துடைக்க வேண்டும். சுடுநீர் வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்தால் மேற்பூச்சு வெடிக்கும். இரு கைகளாலும் போட்டுக் கழற்றினால் பிரேம் கோணாது.

ஸஜ்தாவில் நெற்றியும் மூக்கும் தரையில் பட வேண்டும். கண்ணாடி அதற்கு இடையூறானால் கழற்றிவிடுங்கள். கழற்றியதை வெறும் தரையில் வைக்காமல், கூட்டில் போட்டுப் பையிலோ அலமாரியிலோ வையுங்கள். ஹஜ், உம்ராவுக்குச் செல்லும் லென்ஸ்காரர்கள் கண்ணாடியையும் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். தூசியிலும் விமானத்தின் வறண்ட காற்றிலும் அதுவே கண்ணுக்கு இதம். இஹ்ராமில் கண்ணாடி அணியத் தடையில்லை.

பிள்ளை முஸ்ஹஃபை முகத்தருகே வைத்து ஓதினாலோ, கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாலோ உடனே பரிசோதியுங்கள். பெண்பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் வரன் தள்ளிப்போகும் என்று தயங்குவது அநீதி. சிறு வயதில் திருத்தாமல் விட்ட பார்வைக் குறை சிலருக்கு வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடும்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

லென்ஸ் அணிபவருக்குக் கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினாலோ, பார்வை மங்கினாலோ உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு, அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். லென்ஸையும் டப்பாவையும் கையோடு கொண்டு செல்லுங்கள், பரிசோதனைக்கு உதவும். மருந்துக் கடையில் தாமாகச் சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தாக இருந்தால் நோய் முற்றிவிடும்.

கண்ணில் தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், உளூவிலும் குளிப்பிலும் மார்க்கம் சலுகை தருகிறது. அந்த நாட்களில் தொழுகையை எப்படி நிறைவேற்றுவது என்று உங்கள் மஹல்லா ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அல்லாஹ் நம் அனைவரின் பார்வையையும் பாதுகாப்பானாக, ஆமீன்.