உண்ணியும் உண்மையும்



வரலாறு என்றவுடன் முடியும் செங்கோலும், போரும் உடன்படிக்கையுமே நம் நினைவுக்கு வருகின்றன. முப்பதாண்டுகளுக்கு மேல் கரும்பலகையின் முன் நின்ற நானும் பெரும்பாலும் அவற்றையே கற்பித்தேன். ஆனால், மிளகளவே உள்ள ஒரு சிற்றுயிருக்கும் வரலாறு உண்டு. மாட்டின் மடியிலும் காதிலும் ஒட்டிக்கொண்டு குருதியை உறிஞ்சும் உண்ணியின் வரலாறே அது. அதனை நான் தேடிப் படிக்கக் காரணமாயிருந்தது எங்கள் தெருவில் மாண்டுபோன ஒரு பசு.

என் ஊர் ஆட்டையாம்பட்டி. சேலம் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ளது. முறுக்குக்குப் பேர்போன ஊர்; கைத்தறி ஓசை கேட்கும் ஊர். எங்கள் தெருவில் தறி நெய்யும் குடும்பம் ஒன்று கடன் பெற்று ஒரு கலப்பினப் பசுவை வாங்கியிருந்தது. 1994 ஆம் ஆண்டு, கோடை மழை பெய்து ஓய்ந்த நாட்களில் அந்தப் பசு இரை எடுக்காமல் நின்றது. உடல் அனலாய்க் கொதித்தது. சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கியது. அவ்வீட்டு மூதாட்டி என்னிடம் ஓடி வந்தார்.

"வாத்தியாரே, மாடு ரத்த மூத்திரம் போவுதுங்க. இது உண்ணியால வந்த கேடுங்க. உண்ணி கூடுனா இப்படித்தான் ஆவுமின்னு எங்க மாமியார் சொல்லுவாங்க."

நான் சிரித்தேன். "இத்தனூண்டு பூச்சி அவ்வளவு பெரிய மாட்டைச் சாய்க்குமா பாட்டி? இது வெயில் சூடு. வெந்தயம் ஊறவைத்து மோரில் கலந்து கொடுங்கள்" என்றேன். படித்தவன் சொல்லுக்கு மதிப்பளித்து அவரும் அவ்வாறே செய்தார். மூன்றாம் நாள் பசு இறந்தது. கடன் மட்டும் நின்றது.

நான்காம் நாள் அதே கட்டுத்தரையில் நின்ற கிடாரிக்கும் காய்ச்சல் கண்டது. இம்முறை நானே சென்று கால்நடை மருத்துவரை அழைத்து வந்தேன். அவர் வெப்பமானி வைத்துப் பார்த்தார். கண்ணின் உட்புறம் வெளுத்திருப்பதைக் கண்டார். தொடையிடுக்கில் கையை விட்டு உண்ணிகளைத் தடவி அறிந்தார். பின்னர்க் காதின் நரம்பில் ஊசியால் குத்தி, ஒரு துளிக் குருதியைக் கண்ணாடித் தகட்டில் மெல்லியதாக இழுத்துப் பூசி உலர்த்தினார். அன்றே ஊசி மருந்தைச் செலுத்திவிட்டு, அத்தகட்டை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்றார். 1985 இல் தொடங்கப்பட்ட கல்லூரி அது. தகட்டைக் கொண்டு செல்லும் பணியை நான் ஏற்றுக்கொண்டேன். செய்த பிழைக்கு அதுவேனும் கழுவாயாகட்டும் என்று எண்ணினேன்.

அங்கே தகட்டுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்து, என்னையும் பார்க்கச் சொன்னார்கள். வட்ட வட்டமான செந்நிற அணுக்களுள் சிலவற்றின் நடுவே, கூர்முனைகள் நெருங்கிய இரண்டு பேரிக்காய்களைப் போல ஊதா நிற உருவங்கள் தென்பட்டன. "இவைதாம் பபேசியா. இவற்றைக் கொண்டு வந்தது உண்ணி" என்றார் ஆசிரியர் ஒருவர். பாட்டி சொன்னது மெய். நான் சொன்னது பொய். கிடாரி பிழைத்தது.

ஊர் திரும்பியதும் இதன் வரலாற்றைத் தேடினேன். என்னைப்போலவே சிரித்த அறிஞர்கள் முன்பே இருந்தார்கள் என்பதைக் கண்டேன்.

அமெரிக்க நாட்டின் உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்தது. அதன்பின் தெற்கேயுள்ள டெக்சாஸ் மாநிலத்திலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கு நோக்கிப் பெருந்தொகையாக ஓட்டிச் சென்றனர். அம்மாடுகள் நல்ல நிலையில் இருந்தன. ஆனால் அவை மேய்ந்த புல்வெளியில் பின்னர் மேய்ந்த வடபுலத்து மாடுகளோ, ஏறத்தாழ ஒரு மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாக மடிந்தன. காய்ச்சல், இரத்தச்சோகை, சிவந்த சிறுநீர். எங்கள் தெருவில் கண்ட அதே அடையாளங்கள். இதனை டெக்சாஸ் காய்ச்சல் என்றனர். நோயுற்ற மாடு நோயைப் பரப்பினால் வியப்பில்லை. நோயே இல்லாத மாடு பரப்புவது எங்ஙனம்? நேரில் சந்திக்காத மாடுகளுக்கும் அது பரவுவது எங்ஙனம்? "உண்ணிதான் காரணம்" என்றனர் மாடு மேய்ப்போர். அறிஞர்களுள் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை.

பொருட்படுத்தியவர் தியபால்டு சிமித் என்னும் மருத்துவ ஆய்வாளர். அமெரிக்க அரசின் கால்நடைத் துறையில் பணியாற்றியவர். அவர் மேய்ப்போர் சொல்லை அப்படியே நம்பவில்லை, எள்ளி நகையாடவுமில்லை. சோதித்துப் பார்த்தார். கில்போர்ன் என்னும் கால்நடை மருத்துவருடன் சேர்ந்து 1889 முதல் வாசிங்டன் நகரின் அருகே வேலியிட்ட நிலங்களில் ஆராய்ந்தார். ஒரு நிலத்தில், உண்ணியுள்ள தென்புலத்து மாடுகளோடு வடபுலத்து மாடுகளை விட்டனர். மற்றொன்றில், தென்புலத்து மாடுகளின் உண்ணிகளை ஒன்றுவிடாமல் கையால் பொறுக்கிய பின்னரே வடபுலத்து மாடுகளோடு விட்டனர். வேறொன்றில், தென்புலத்து மாடு எதுவுமின்றி உண்ணிகளை மட்டுமே புல்லில் தூவினர். உண்ணி இருந்த நிலங்களில் மாடுகள் நோயுற்றன. உண்ணி பொறுக்கப்பட்ட நிலத்தில் நோய் தோன்றவில்லை.

எனினும் ஒரு புதிர் எஞ்சியது. இவ்வகை உண்ணி தன் வாழ்நாளை ஒரே மாட்டின் மீது கழிப்பது. குருதி குடித்துப் பருத்த பெண் உண்ணி தரையில் விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு இறந்துபோகும். வேறு மாட்டின் மீது ஏறாது. அங்ஙனமாயின் நோய் மாடு விட்டு மாடு தாவுவது எவ்வாறு? சிமித் முட்டைகளை ஆய்வுக்கூடத்திலேயே பொரிக்க வைத்து, குருதியே சுவைத்திராத ஆறுகால் குஞ்சுகளை நலமான மாடுகளின் மீது விட்டார். மாடுகள் நோயுற்றன. தாயுண்ணி குடித்த நச்சு முட்டை வழியாகக் குஞ்சுக்கு இறங்கியிருந்தது. ஒரு மாத இடைவெளியின் மருமமும் விளங்கிற்று. முட்டை பொரிந்து, குஞ்சு புல்லேறி, மாட்டைப் பற்றி, நோய் முதிர அத்தனை நாட்கள் தேவை.

1893 இல் இவ்வாராய்ச்சி நூலாக வெளிவந்தது. ஓரணு உயிரி விளைக்கும் நோயைக் கணுக்காலி ஒன்று பரப்புகிறது என்பது அன்றுதான் முதன்முதலாக மெய்ப்பிக்கப்பட்டது. நான்காண்டுகள் கழித்தே, 1897 ஆகத்து 20 ஆம் நாள், நம் செகந்திராபாத்தில் உரொனால்டு இராசு கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியின் வளர்ச்சியைக் கண்டார். கொசுவுக்கு முன்னே வழிகாட்டியது மாட்டு உண்ணி! அக்கிருமியினத்துக்குப் பபேசியா என்னும் பெயர் வந்தது, 1888 இல் உருமேனிய நாட்டு மாடுகளின் சிவப்பணுக்களில் அதனைக் கண்டறிந்த விக்டர் பாபேசு என்னும் அறிஞரின் நினைவாக.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1889 இல் புனாவில் தோன்றி, 1893 இல் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவருக்கு மாற்றப்பட்ட ஆய்வுக்கூடமே இன்றைய இந்திய கால்நடை ஆராய்ச்சி நிறுவனம். அங்கே வெக்கை நோய்க்குத் தடுப்பு முறை தேடினர். நோயுற்ற மாட்டின் குருதியையும், நோயை அடக்கும் ஊநீரையும் ஒருசேரச் செலுத்துவது அன்றைய முறை. ஆனால் நலமாகத் தோன்றும் மாட்டின் குருதியிலும் உண்ணி விதைத்த கிருமிகள் ஒளிந்திருந்தன. ஒரு நோயைத் தடுக்கச் செலுத்திய குருதி மற்றொரு நோயைக் கொடுத்தது. இதனைத் தவிர்க்க எட்வர்ட்சு என்னும் ஆய்வாளர் 1920 களில் வெக்கை நோய்க் கிருமியை ஆடுகளின் உடலில் தொடர்ந்து வளர்த்தார். மாட்டுக் குருதியிலுள்ள ஒட்டுயிர்கள் ஆட்டில் வாழா. அவ்வாறு வளர்த்ததில் வெக்கைக் கிருமியே வீரியம் குன்றிப்போய்த் தடுப்பூசிக்கு உகந்ததாயிற்று. உண்ணிக் கிருமிக்கு அஞ்சி எடுத்த வழி, பெருங்கொள்ளை நோய்க்கு அணையிட உதவியது. 2011 இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

அப்படியானால் நம் பாட்டன்மார் காலத்தில் உண்ணியால் இத்துணை இழப்பு ஏற்படவில்லையே, ஏன் என்று நீங்கள் கேட்கலாம். காங்கேயமும் ஆலம்பாடியும் பருகூரும் போன்ற நாட்டு மாடுகள் தலைமுறை தலைமுறையாக உண்ணியோடு வாழ்ந்தவை. கன்றுப் பருவத்திலேயே கிருமியை ஏற்று, மெலிதாக நோயுற்றுத் தேறி, எதிர்ப்பாற்றல் பெற்றவை. டெக்சாஸ் மாடுகள் நலமாகத் தோன்றியதன் காரணமும் இதுவே. பால் பெருக வேண்டி, 1970 ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து செர்சி முதலிய அயல்நாட்டு இனங்களின் கலப்பு நம் ஊர்களில் பெருகியது. பால் பெருகியது, உண்மை. அவற்றோடு உண்ணி நோயின் ஆபத்தும் பெருகியது, அதுவும் உண்மை.

அக்கலப்பின மாடுகளைப் பெரிதும் வருத்துவது தைலேரியா என்னும் மற்றொரு கிருமி. தென்னாப்பிரிக்காவில் கால்நடை நோய்களை ஆராய்ந்த ஆர்னால்டு தைலர் பெயரால் அமைந்தது. இதனைப் பரப்புவது வேறு வகை உண்ணி. இந்நோயில் தோள்பட்டையின் முன்னே உள்ள நிணநீர்க் கழலை வீங்கும், கடுங்காய்ச்சல் காணும், குருதி வற்றும். குருதித் தகட்டோடு, வீங்கிய கழலையிலிருந்து ஊசியால் எடுத்த நீரையும் நோக்கினால் நோய் தெளிவாகும்.

நோயைப் பிரித்தறிவது ஏன் இன்றியமையாதது? மருந்து வேறு வேறு என்பதனால். 1909 இல் கேம்பிரிட்சில் நட்டால், ஆட்வன் என்பார் டிரிப்பான் நீலம் என்னும் சாயம் பபேசியாவை அடக்கும் எனக் கண்டனர். பின்னர் 1955 இல் டிமினசீன் என்னும் மருந்து வந்தது. இன்றும் அது பயன்படுகிறது. அது தைலேரியாவை ஒழிக்காது. அதற்கு 1980 களில் கண்டறியப்பட்ட பியூபார்வாகோன் என்னும் மருந்து வேண்டும். அதுவும் நோய் முற்றுமுன் செலுத்தப்பட வேண்டும். குருதி மிகவும் குன்றிய மாட்டுக்கு வேறு மாட்டின் குருதியை ஏற்றுவதும் உண்டு. தைலேரியாவுக்கு நம் நாட்டிலேயே தடுப்பூசியும் உருவாக்கப்பட்டுள்ளது. எம்மருந்தாயினும் அளவை முடிவு செய்ய வேண்டியவர் கால்நடை மருத்துவரே.

மருந்தினும் மேலானது உண்ணியை ஒழித்தல். அமெரிக்கர் 1906 இல் தொடங்கி, மாடுகளை மருந்து நீரில் முக்கி எடுத்து, மெக்சிகோ எல்லையோரம் ஒரு காப்பு மண்டலம் நீங்கலாக 1943 இல் இவ்வுண்ணியை ஒழித்தனர். நமக்கு அது எளிதன்று. ஒரே மருந்தைத் தொடர்ந்து தெளித்தால் உண்ணி அதற்குப் பழகிவிடுகிறது. எனவே கட்டுத்தரையின் சுவர் வெடிப்புகளைப் பூசி அடைத்தலும், குப்பையை அகற்றலும், கையால் பொறுக்கிய உண்ணியைத் தரையில் எறியாமல் தீயிலிடுதலும் இன்றியமையாதவை. தரையில் எறிந்த ஒரு தாயுண்ணி ஆயிரம் குஞ்சுகளாய்த் திரும்பி வரும் என்பதை மறவாதீர்கள்.

நாமக்கல்லிலிருந்து திரும்பிய அன்று மாலையே அப்பாட்டியிடம் சென்றேன். "நீங்கள் சொன்னதே சரி பாட்டி. நான்தான் தவறிவிட்டேன்" என்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "எனக்கு ஏன் அப்படீன்னு சொல்லத் தெரியலீங்க. நீங்க படிச்சவங்க, அதான் நம்புனேன்" என்றார். அச்சொல் இன்றும் என்னைச் சுடுகிறது.

மாணவர்களே, பட்டறிவு உடையோர் "இது இப்படி நடக்கிறது" என்பர். ஏன் என்று சொல்ல அவர்களால் இயலாமற் போகலாம். அந்த ஏனைத் தேடுவதற்கே நமக்குக் கல்வி; சிரிப்பதற்கன்று. சிமித் தேடினார், உலகம் பயன் பெற்றது. நான் சிரித்தேன், ஓர் ஏழை வீட்டுப் பசு போயிற்று. நாளை உங்களிடமும் ஒரு பாட்டி வந்து எதையேனும் சொல்லக்கூடும். கேளுங்கள், பின்னர்ச் சோதித்துப் பாருங்கள்.